நாள் தள்ளிப்போச்சு, ஆனா எந்த நாள்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும், ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களையும் எடுத்துட்டோம். மத்தபடி பேசினது பேசினபடியே.)

வீட்ல ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறவங்க, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கணும்னா குறைச்சுக்கோங்க. அம்மா பக்கத்துல இருந்தா குறைக்க வேண்டாம், அவங்களும் கேக்கட்டும்.

இன்னைக்குப் பேசப்போறது அவசரக் கருத்தடை மாத்திரை பத்தி. அதாவது ஐ-பில், அன்வான்டட்-72 மாதிரி பேர்ல வர்றது. அதைப் போட்டா பீரியட்ஸ் என்ன ஆகும், ஏன் அப்படி ஆகுது, அதை எப்படிப் புரிஞ்சுக்கிறது, இவ்வளவுதான். நான் டாக்டர் இல்ல. அம்பத்தூர் எஸ்டேட்ல உட்கார்ந்து கோட் எழுதற ஆள். இந்த ஸ்கிரிப்டை ஒரு மகப்பேறு மருத்துவர்கிட்ட காட்டி, அவங்க சிவப்பு மையில கோடு போட்டதையெல்லாம் திருத்தினதுக்கு அப்புறம்தான் மைக் முன்னாடி வந்திருக்கேன்.

இந்த எபிசோட் ஒரு தோழியால வந்தது. அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். பேரு, வேலை எதுவும் கிடையாது. ஆவடி பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க.

ஒரு புதன்கிழமை ராத்திரி. காண்டம் கிழிஞ்சுடுச்சு. வியாழக்கிழமை காலையில ஆபீஸ் போற வழியில மெடிக்கல் ஷாப்ல கேட்டா, "இல்லம்மா"ன்னாங்க. அடுத்த கடையில "டாக்டர் சீட்டு இருக்கா?" அதுக்கு அடுத்த கடையில, "அதெல்லாம் தமிழ்நாட்ல பேன் பண்ணிட்டாங்கம்மா." ஆவடியில ஆரம்பிச்சு எம்.டி.எச். ரோட்லயே அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் ஆறு கடை. ஒரு கடையில இருந்தவர் பதில் சொல்லாம, அவ கழுத்தைப் பார்த்தாராம், தாலி இருக்கான்னு. கடைசியில பெங்களூர்ல இருக்கற ஒரு சினேகிதி வாங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல வந்த ஒருத்தர்கிட்ட கொடுத்து அனுப்பினா. சனிக்கிழமை விடியக்காலை அஞ்சரை மணிக்கு பூந்தமல்லி பைபாஸ்ல நின்னு, இவ அந்த அட்டையை வாங்கி அங்கேயே தண்ணி பாட்டில் திறந்து போட்டுக்கிட்டா. கணக்குப் பார்த்தா கிட்டத்தட்ட 55 மணி நேரம்.

அடுத்த வியாழக்கிழமை ரத்தப்போக்கு வந்துச்சு. ரெண்டு நாள், லேசா. "பீரியட்ஸ் வந்துடுச்சுடி, தப்பிச்சேன்"னு எனக்கு மெசேஜ். நானும் ஒரு சாமி எமோஜி அனுப்பினேன். போன்ல இருந்த பீரியட்ஸ் ஆப்ல அந்தத் தேதியைப் போட்டா. அது 28 நாள் கழிச்சு அடுத்த தேதியைக் காட்டுச்சு. அந்தத் தேதி வந்துச்சு, பீரியட்ஸ் வரல. "மாத்திரை போட்டா முன்ன பின்ன ஆகும்னு சொன்னாங்களே"ன்னு இன்னொரு வாரம் விட்டா. அப்புறம் டெஸ்ட் பண்ணினா. ரெண்டு கோடு. ஸ்கேன்ல எட்டாவது வாரம்.

அவ இப்ப நல்லா இருக்கா. மேற்கொண்டு அவ கதையில எனக்குச் சொல்ல அனுமதி இல்ல, அதனால அங்கேயே நிறுத்திக்கிறேன். ஆனா அந்த சாமி எமோஜி மட்டும் என் மனசை விட்டுப் போகல. அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் இன்ஜினியரிங் படிச்சவங்க.

நம்ம ஊர்ல "நாள் தள்ளிப்போயிருக்கு"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? கர்ப்பம். சினிமாவுல அந்த ஒரு வரி வந்தா போதும், அடுத்த காட்சியில வீட்ல பாயசம் வைப்பாங்க. அதே மாதிரி நாள் வந்துடுச்சுன்னா, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். பல தலைமுறையா பெண்கள் இந்த ஒரு அடையாளத்தை வெச்சுத்தான் கணக்குப் போட்டிருக்காங்க, பெரும்பாலும் அது சரியாவும் இருந்திருக்கு. ஆனா இந்த மாத்திரை அந்த நாளையே நகர்த்தற மாத்திரை. இதைப் போட்ட மாசத்துல அந்தப் பழைய கணக்கு ரெண்டு பக்கமும் ஏமாத்தும். கர்ப்பம் இல்லாமலே நாள் தள்ளிப்போகலாம். கர்ப்பம் இருக்கும்போதே ரத்தம் வரலாம். என் தோழிக்கு நடந்தது ரெண்டாவது.

ஏன் அப்படின்னு புரியணும்னா, உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

பீரியட்ஸ் ஆரம்பிக்கற நாளை முதல் நாள்னு வெச்சுக்கோங்க. அன்னையில இருந்து சினைப்பையில ஒரு கருமுட்டை வளர ஆரம்பிக்குது. அது எவ்வளவு நாள்ல வளர்ந்து முடியும்கறது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு மாசத்துக்கு மாசமும் மாறும். பரீட்சை, காய்ச்சல், நைட் ஷிப்ட் எல்லாம் அதைத் தள்ளிப்போடும். வளர்ந்து முடிஞ்சதும் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்.னு ஒரு ஹார்மோனை ஒரேயடியா கொட்டும். ஒண்ணு ஒண்ணரை நாள்ல கருமுட்டை வெளிய வந்துடும். வந்த முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான். முட்டை வெளிய போன இடத்துல இருந்து புரோஜெஸ்டிரோன்கற ஹார்மோன் சுரக்கும், அது கருப்பையோட உள்சுவரைப் பிடிச்சு நிறுத்தி வைக்கும். கர்ப்பம் ஆகலன்னா ஏறக்குறைய ரெண்டு வாரத்துல அந்தச் சுரப்பு நின்னுடும். பிடிமானம் போனதும் உள்சுவர் உதிரும். அதுதான் பீரியட்ஸ்.

இதுல கவனிக்க வேண்டியது, முதல் பாதிதான் நீளும், சுருங்கும். ரெண்டாவது பாதி பெரும்பாலும் மாறாது. "எனக்கு பத்து நாள் லேட்"னு சொன்னா, பொதுவா முட்டை பத்து நாள் லேட்டா வந்திருக்குன்னு அர்த்தம்.

இப்ப விந்தணு. அது உள்ள போனா அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட காத்திருக்கும். அதனால பெரும்பாலான நேரம் உடலுறவு நடந்த அந்த நிமிஷத்துலயே கரு உண்டாகறது இல்ல. அது முட்டைக்காகக் காத்திருக்கு. இந்த இடைவெளியிலதான் அவசரக் கருத்தடை மாத்திரை வேலை செய்யுது. முட்டை வெளிய வர்றதைத் தள்ளிப்போடுது, இல்ல அந்த மாசம் வராமலே பண்ணிடுது. காத்திருந்த விந்தணு காத்திருந்தே செத்துப்போகும்.

மாத்திரையில இருக்கறது லெவோநார்ஜெஸ்ட்ரெல், 1.5 மில்லிகிராம். நம்ம உடம்புல சுரக்கற புரோஜெஸ்டிரோனோட செயற்கைச் சொந்தக்காரன். அரசு ஆஸ்பத்திரியில தினசரி போடக் கொடுக்கற மாலா-என் மாத்திரையிலயும் இதே மருந்துதான், ஆனா 0.15 மில்லிகிராம். அதாவது ஒரே நேரத்துல பத்து மடங்கு. இவ்வளவு புரோஜெஸ்டிரோன் திடீர்னு ஏறினா, "முட்டை ஏற்கெனவே வெளிய போயாச்சு போல"ன்னு மூளை நினைச்சுக்குது. எல்.எச். கொட்டறதை நிறுத்திடுது. ஆனா எல்.எச். ஏற்கெனவே கொட்ட ஆரம்பிச்சிருந்தா இந்த மாத்திரையால அதை நிறுத்த முடியாது. முட்டை வந்தாச்சுன்னா சுத்தமா ஒண்ணும் பண்ண முடியாது.

இங்க ஒரு சின்ன விஷயம். "இது கருவைக் கலைக்கிற மாத்திரை"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மெடிக்கல் ஷாப்காரங்களே சொல்றாங்க. அது வேற மருந்து, மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் சேர்ந்து வர்றது, அதுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். லெவோநார்ஜெஸ்ட்ரெல்லால உருவான கருவைக் கலைக்க முடியாது, ஏற்கெனவே இருக்கற கர்ப்பத்தை அது பாதிக்கறதும் இல்ல. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பர்ல இந்த மாத்திரையோட குறிப்பையே திருத்தி, கரு ஒட்டறதை இது தடுக்கறது இல்லன்னு தெளிவா எழுதிடுச்சு.

சரி, பீரியட்ஸுக்கு வருவோம். எல்லாமே மாத்திரை போட்ட நாள் சுழற்சியில எங்க இருக்குங்கறதைப் பொறுத்தது.

பீரியட்ஸ் முடிஞ்சு சில நாள்லயே, முட்டை இன்னும் சின்னதா இருக்கும்போது போட்டீங்கன்னா, உள்சுவர் ஒரு பெரிய டோஸ் புரோஜெஸ்டிரோனைப் பார்க்குது, சில நாள்ல அது வடிஞ்சு போறதையும் பார்க்குது. மாசக் கடைசியில நடக்க வேண்டியது நடந்துடுச்சுன்னு நினைச்சு உதிர ஆரம்பிச்சுடுது. அதனால அடுத்த ரத்தப்போக்கு வழக்கத்தைவிட சீக்கிரமே, சில பேருக்கு ஒரு வாரத்துக்கும் மேல சீக்கிரம் வந்துடும். முட்டை வர்ற சமயத்தை ஒட்டிப் போட்டா, முட்டை தள்ளிப்போய், அதோட சேர்ந்து பீரியட்ஸும் சில நாள் தள்ளிப்போகலாம். முட்டை வந்ததுக்கு அப்புறம் போட்டா பெரும்பாலும் வழக்கமான தேதிக்கே வரும், சில பேருக்கு ரெண்டு நாள் கூட நீடிக்கும்.

இது போக, மாத்திரை போட்ட ஒரு வாரத்துக்குள்ள இடையில லேசா ரத்தம் படறதும் சகஜம். மார்பு கனக்கறது, தலைவலி, குமட்டல், களைப்பு எல்லாமும் வரலாம். இதுல ஒரு கொடுமை என்னன்னா, இதெல்லாமே கர்ப்பத்தோட ஆரம்ப அறிகுறியும்தான். அதனால அறிகுறியை கூகுள்ல தேடாதீங்க. தேடினா ராத்திரி மூணு மணி ஆகிடும், பதில் கிடைக்காது.

பெரும்பாலானவங்களுக்கு அந்த மாச பீரியட்ஸ் எதிர்பார்த்த தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியோ ஒரு வாரம் பின்னாடியோ வந்துடுது. அதுக்கு அடுத்த மாசம் வழக்கத்துக்குத் திரும்பிடுது. இவ்வளவுதான் நிஜமான பாதிப்பு. கேக்கறதுக்கு சின்னதா இருக்கு. ஆனா அந்த ஒரு மாசத்தை என்ன நினைச்சுக்கிட்டு கடக்கறோம்கறதுலதான் எல்லாம் இருக்கு.

என் தோழி விஷயத்துல என்ன நடந்திருக்கும்னு அந்த டாக்டர்கிட்ட கேட்டேன். உடலுறவு நடந்தது அவளோட பன்னிரண்டாவது நாள். மாத்திரை போட்டது பதினைஞ்சாவது நாள் விடியக்காலை. நடுவுல இருந்த அந்த ரெண்டு நாள்ல எல்.எச். ஆரம்பிச்சிருக்கலாம், முட்டையே வந்திருக்கலாம்னாங்க. இருபதாவது நாள் வந்தது பீரியட்ஸ் இல்ல, ஹார்மோன் ஏறி இறங்கினதுல பட்ட ரத்தம்.

அதனாலதான் நேரம் முக்கியம். 1998ல லான்செட் இதழ்ல வந்த உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வுல, மாத்திரை போடாம இருந்தா உண்டாகியிருக்கும்னு கணக்குப் போட்ட கர்ப்பங்கள்ல, முதல் 24 மணி நேரத்துல போட்டவங்களுக்கு 95 சதவீதம் தடுக்கப்பட்டுச்சு. ரெண்டாவது நாள் போட்டவங்களுக்கு 85. மூணாவது நாள் 58. அட்டையில "72 மணி நேரம்"னு போட்டிருக்கறதைப் பார்த்துட்டு, 71வது மணி நேரம் வரைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்னு நினைக்கறது தப்பு. அது பால் பாக்கெட்ல போட்டிருக்கற தேதி மாதிரி இல்ல. ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே வர்ற கோடு.

அவ ஆறு கடை ஏறி இறங்கின அந்த ரெண்டு நாள், அந்தக் கோட்டுல எங்க இருந்து எங்க இறங்கினான்னு பாருங்க.

இந்த மாத்திரை இந்தியாவுல சீட்டு இல்லாம வாங்கலாம்னு மத்திய அரசு 2005லயே சொல்லியாச்சு. அரசாங்கத்தோட சொந்தக் குடும்ப நலத் திட்டத்துலயும் இது இருக்கு. 2007ல சிப்லா கம்பெனி ஐ-பில்லைக் கொண்டு வந்தப்போ டிவியில விளம்பரம் வந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், நமக்கெல்லாம் அப்ப பத்து பன்னிரண்டு வயசு, வீட்ல சேனலை மாத்திடுவாங்க. தமிழ்நாட்டுல அந்த மாதிரி விளம்பரத்துக்கு எதிர்ப்பு வந்துச்சு, கலாச்சாரம் கெட்டுப்போகுதுன்னு பேச்சு வந்துச்சு, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் நெருக்கினாங்க. கடைக்காரங்க வாங்கி வைக்கறதை நிறுத்திட்டாங்க. தடைன்னு ஒரு உத்தரவு கிடையாது, அதிகாரிகளே அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்காங்க. ஆனா கவுன்ட்டர்ல நிக்கறவர் "பேன்"னுதான் சொல்றாரு, அவருக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். 2020ல ஃபவுண்டேஷன் ஃபார் ரிப்ரொடக்டிவ் ஹெல்த் சர்வீசஸ் இந்தியா அமைப்பு ஆறு மாநிலங்கள்ல கடை கடையாப் போய்ப் பார்த்தப்போ, இந்த மாத்திரை அபூர்வமா கிடைச்ச மாநிலம் தமிழ்நாடுதான்.

தமிழ்நாடு சுகாதாரத்துல முன்னணி மாநிலம், அதுல எனக்கும் பெருமை உண்டு. அதனாலதான் இது எரிச்சலா இருக்கு.

கிடைக்காம போறது மட்டும் பிரச்சினை இல்ல. மறைவா வாங்கும்போது மருந்தோட சேர்ந்து வர வேண்டிய பேச்சும் வராது. பஸ்ல ஒருத்தர் கையில கொடுத்து அனுப்பற மாத்திரையோட, "அடுத்த வாரம் ரத்தம் வந்தாலும் டெஸ்ட் பண்ணிப் பாரும்மா"ன்னு சொல்ல யாரும் வர மாட்டாங்க. இவளுக்கு வந்தது அட்டை மட்டும்தான், உள்ள இருக்கற காகிதம்கூட இல்ல.

அந்த ஒரு வாக்கியத்தை இப்ப நான் சொல்லிடறேன். உடலுறவு நடந்த தேதியை எழுதி வைங்க. அதுல இருந்து மூணு வாரம், 21 நாள். அன்னைக்குக் காலையில முதல் சிறுநீர்ல கார்டு டெஸ்ட் பண்ணுங்க. நடுவுல ரத்தம் வந்துச்சா, வரலையா, எவ்வளவு வந்துச்சு, எதுவும் கணக்குல வேண்டாம். வழக்கமான பீரியட்ஸ் மாதிரியே, வழக்கமான அளவுல, வழக்கமான தேதியை ஒட்டி வந்தா அது பீரியட்ஸாத்தான் இருக்கும். ஆனா லேசா வந்தா, சீக்கிரம் வந்தா, வழக்கத்துக்கு மாறா இருந்தா, இல்ல ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா, டெஸ்ட். சந்தேகம்னாலே டெஸ்ட். அம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும், இதுக்கு யாரும் சீட்டு கேக்க மாட்டாங்க. அரசு சுகாதார நிலையங்கள்லயும் நிஷ்சய்னு ஒரு கிட் உண்டு.

ஏன் பீரியட்ஸ் தேதியை விட்டுட்டு உடலுறவு தேதியைப் பிடிக்கறோம்? இந்தக் கதையில நமக்கு உறுதியாத் தெரிஞ்ச தேதி அது ஒண்ணுதான். முட்டை எப்ப வந்துச்சுன்னு தெரியாது. பீரியட்ஸ் எப்ப வரணும்னும் மாத்திரை போட்டதுக்கு அப்புறம் தெரியாது. பி.சி.ஓ.எஸ். இருக்கறவங்களுக்கு மாத்திரை போடறதுக்கு முன்னாடியும் தெரியாது. "எனக்கு எப்பவுமே ரெண்டு மாசத்துக்கு ஒருமுறைதான் வரும், நான் எதை லேட்னு எடுத்துக்கிறது?"ன்னு ஒருத்தங்க போன மாசம் கேட்டிருந்தீங்க. நீங்க லேட்டுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். 21வது நாள், டெஸ்ட், முடிஞ்சது.

என் தோழி அப்படிப் பண்ணியிருந்தா அஞ்சாவது வாரத்துலயே தெரிஞ்சிருக்கும். எட்டாவது வாரத்துல தெரிஞ்சது. மூணு வாரம் போச்சு. சட்டப்படி அவளுக்கு நேரம் இருந்துச்சு. 2021ல திருத்தின சட்டப்படி 20 வாரம் வரைக்கும் ஒரு பதிவு பெற்ற டாக்டரோட கருத்து போதும், கல்யாணம் ஆகாதவங்களுக்கும் இது பொருந்தும், 2022 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை இன்னும் அழுத்தமாச் சொல்லிடுச்சு. ஆனா எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சுலபம், உடம்புக்கும் மனசுக்கும்.

அடுத்தது என் ஏரியா. ஆப்.

இந்த பீரியட்ஸ் ஆப்கள்ல சாதாரணமான ஒண்ணு என்ன பண்ணும்னா, கடைசியா நீங்க போட்ட சில மாசத் தேதிகளை எடுத்து சராசரி பார்த்து, கடைசித் தேதியோட கூட்டி, அடுத்த தேதியைக் காட்டும். அதுல இருந்து 14 நாள் பின்னாடி போய் "முட்டை வரும் நாள்"னு ஒரு பூ படம் போடும். அவ்வளவுதான் மேஜிக். மாத்திரையால வந்த ரத்தத்தை நீங்க "பீரியட்ஸ் ஆரம்பம்"னு போட்டா, அந்த ஆப் அதை நம்பும். அதுக்கு வேற வழி இல்ல. அடுத்த தேதி தப்பு, பூவும் தப்பு, "பாதுகாப்பான நாள்"னு பச்சைக் கலர்ல காட்டினா அது ரொம்ப ரொம்பத் தப்பு. அடுத்த மூணு நாலு மாசத்துக்கு அந்தத் தப்பான எண் சராசரியில உட்கார்ந்திருக்கும். அந்த ரத்தத்தை "இடையில் பட்டது"ன்னு குறிச்சு வைங்க. பல ஆப்ல அதுக்குத் தனி பட்டன் இருக்கு. மாத்திரை போட்டதையும் குறிப்புல எழுதி வைங்க, டாக்டர்கிட்ட போனா முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

பச்சைக் கலர்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. இது நிறைய பேருக்குத் தெரியாது. இந்த மாத்திரை முட்டையைத் தள்ளிப்போடுதுன்னு சொன்னேன் இல்லையா. தள்ளிப்போன முட்டை சில நாள் கழிச்சு வரலாம். அந்த இடைவெளியில மறுபடியும் பாதுகாப்பு இல்லாம இருந்தா, பழைய மாத்திரை காப்பாத்தாது. "இந்த மாசத்துக்கு மாத்திரை போட்டாச்சு"ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அடுத்த பீரியட்ஸ் வர்ற வரைக்கும் காண்டம், இல்ல வேற ஒரு முறை.

மாத்திரை போட்டு ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா அந்த டோஸ் கணக்குல வராது, திரும்பப் போடணும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்துக்கறவங்க, வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபின் எடுத்துக்கறவங்க டாக்டர்கிட்ட பேசிடுங்க, அந்த மருந்துகள் இதோட வீரியத்தைக் குறைச்சுடும். உடல் எடை கூடுதலா இருந்தாலும் இது சரியா வேலை செய்யாம போகலாம். இவங்களுக்கும், 72 மணி நேரத்தைத் தாண்டினவங்களுக்கும் ஒரு நல்ல வழி இருக்கு, யாரும் பேசறதில்ல: காப்பர்-டி. அஞ்சு நாளுக்குள்ள வெச்சா 99 சதவீதத்துக்கு மேல தடுக்கும், அவசரக் கருத்தடையில இதைவிட உறுதியானது வேற இல்ல. ஹார்மோன் கிடையாது, முட்டை வர்ற தேதியை அது தொடறது இல்ல. முதல் சில மாசம் ரத்தப்போக்கும் வலியும் கொஞ்சம் கூடலாம். "கல்யாணம் ஆகாதவங்களுக்கு வைக்க மாட்டோம்"னு சில இடத்துல சொல்வாங்க. மருத்துவ ரீதியா அப்படி ஒரு விதி கிடையாது. இன்னொரு டாக்டரைப் பாருங்க.

எப்ப பயப்படணும்? ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைஞ்சு, அது ரெண்டு மூணு மணி நேரம் தொடர்ந்தா. இல்ல மூணு வாரத்துக்கு அப்புறம் அடிவயித்துல, குறிப்பா ஒரு பக்கமா, தாங்க முடியாத வலி, அதோட தலைசுத்தல் வந்தா. கரு குழாயிலயே தங்கியிருக்கலாம். இந்த மாத்திரையால அது வர்றதில்ல, ஆனா மாத்திரை தவறிப்போய் கர்ப்பம் ஆனா அதையும் யோசிக்கணும். அப்ப கார்டு டெஸ்ட், ஆப் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி. ராத்திரி ஆனாலும் 108.

போன எபிசோடுக்குக் கீழ வந்த கேள்விகள்ல ரெண்டை எடுத்துக்கிறேன்.

"மூணு தடவை போட்டுட்டேன், இனிமே எனக்குக் குழந்தை பிறக்காதா?" பிறக்கும். இந்த மாத்திரை குழந்தைப் பேறைக் கெடுக்கும்னு எந்த ஆதாரமும் இல்ல. மருந்து சில நாள்ல உடம்பை விட்டுப் போயிடும். ஆனா அடிக்கடி போட்டா பீரியட்ஸ் ஒழுங்கில்லாம போகும், எது பீரியட்ஸ் எது இடையில பட்ட ரத்தம்னே தெரியாம போயிடும். அதோட, தினசரி மாத்திரையோ காப்பர்-டியோ இதைவிட நல்லாவே வேலை செய்யும். மூணு தடவைன்னு எழுதியிருக்கீங்க, திட்டறதுக்கு நான் யாரு. ஒரு டாக்டர்கிட்ட பேசி, அவசரம் இல்லாத ஒரு முறைக்கு மாறிக்கோங்க.

இன்னொரு கேள்வி ஒரு பையன்கிட்ட இருந்து. "என் கேர்ள்ஃப்ரெண்டுக்கு மாத்திரை போட்டு ஒன்பது நாள் லேட். நான் என்ன பண்ணட்டும்?" தம்பி, நீங்க போய் டெஸ்ட் கார்டு வாங்கிட்டு வாங்க. ரெண்டா வாங்குங்க, ஒண்ணு தப்பாப் போனா இன்னொண்ணு இருக்கும். அவங்க பாத்ரூம்ல இருக்கற அந்த அஞ்சு நிமிஷம் கதவுக்கு வெளிய போனை நோண்டாம உட்காருங்க. ஒரு கோடு வந்து, பீரியட்ஸ் இன்னும் வரலன்னா, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க. ரெண்டு கோடு வந்தா அன்னைக்கே லீவு போட்டுட்டு கூடப் போங்க.

யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலன்னா, தமிழ்நாடு அரசோட 104 எண்ணுக்குக் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க.

இந்த எபிசோடைப் போடறதுக்கு முன்னாடி என் தோழிக்கு அனுப்பினேன். கேட்டுட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னா. ஆறு கடை இல்லையாம், ஏழாம். ஏழாவது கடையில இருந்த அக்கா, "எங்ககிட்ட இல்ல கண்ணு, சீக்கிரம் வேற எங்கயாவது பாரு, நேரம் போகுது"ன்னு சொன்னாங்களாம். அவங்களை விட்டுடாதன்னா. விடல.